துண்டுத்துணிப் போர்வை: கோளாறு எங்கே, கை வைப்பது எங்கே

துண்டுத்துணிப் போர்வை மூன்று அடுக்கு: மேலே துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த முகப்பு, நடுவில் பஞ்சோ பழைய துணியோ, அடியில் அடித்துணி. இந்தப் போர்வையின் ஓரம் அலையடித்தால் எல்லோரும் ஓரத்தைத்தான் பிரிக்கிறார்கள். அடித்துணியில் மடிப்பு விழுந்தால் அடித்துணியைப் பிடித்து இழுக்கிறார்கள். துண்டுத்துணிப் போர்வையில் கோளாறு கண்ணில் படுவது ஓரிடம், உண்டானது வேறிடம். இரண்டு மூன்று வேலைக்கு முந்தியே அது உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். போதாக்குறைக்கு நம் ராமநாதபுரம் கடற்கரையில் உப்பு வேறு. தண்ணீரிலும் இருக்கிறது, காற்றிலும் இருக்கிறது. உள்நாட்டில் தைப்பவர்கள் கேள்வியே படாத தொல்லைகள் மண்டபத்திலும் கீழக்கரையிலும் தொண்டியிலும் வருவது அதனால்தான்.

கணக்குக்கு ஒற்றைக் கட்டில் போர்வை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலம் 60 இன்ச், நீளம் 90 இன்ச். தைத்தபின் 6 இன்ச் நிற்கும் சதுரங்கள் குறுக்கே 10, நீளவாக்கில் 15, ஆக 150. தையலுக்குச் சுற்றிலும் கால் இன்ச் வேண்டும் என்பதால் ஒவ்வொன்றையும் ஆறரை இன்ச்சாக வெட்ட வேண்டும்.

துவைத்து எடுத்த துணி விறைப்பாக, பிசுபிசுவென்று இருக்கிறது

இது போர்வெல் தண்ணீரின் வேலை. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைக் கசடாகி நூலில் படிந்துவிடும். அதன்மேல் உப்பும் தங்கிவிட்டால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், துணி எத்தனை வெயில் கண்டாலும் சாயங்காலம் தொட்டால் நமுத்த மாதிரிதான். இந்தத் துணியை வெட்டினால் அளவு ஒரு நாள் போல ஒரு நாள் நிற்காது.

கட்டி சோப்பை விடுங்கள், உப்புத் தண்ணீரில் சோப்புத்தூள்தான் கேட்கும். அலசுவதில் கடைசி அலசலை மட்டும் நல்ல தண்ணியில் அலசுங்கள், காவிரித் தண்ணியோ பிடித்து வைத்த மழைத் தண்ணியோ எதுவானாலும் சரி. குடிக்கிற தண்ணியைத் துணிக்கு ஊற்றுவதா என்று வீட்டில் சத்தம் வரும். ஒரு வாளி போதும் என்று சொல்லிவிடுங்கள்.

துவைக்காமலே வெட்டலாமா என்று கேட்காதீர்கள். பரமக்குடி கைத்தறி, பழைய கைலி, கட்பீஸ் கடைத் துண்டு எல்லாம் சுருங்குவது ஒரே அளவில் இல்லை. துவைக்காமல் தைத்தால் முதல் சலவையில் ஒரு சதுரம் சுருங்கும், பக்கத்துச் சதுரம் சுருங்காமல் உப்பி நிற்கும். பாலியெஸ்டர் கலந்ததா என்று சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு நூல் உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசத்தோடு மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கறுத்த மணியாகும். கலப்புத் துணியைத் தனியே வைத்துவிடுங்கள், இஸ்திரிச் சூட்டிலும் அது மற்றதோடு ஒத்துப்போகாது.

சாயம் போகிறது

அரக்கு, சிவப்பு, கருநீலம் மூன்றும் சந்தேகத்துக்குரியவை. ஒரு துண்டை நனைத்து, மேலேயும் கீழேயும் வெள்ளைத் துணி வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் கறை ஏறினால் அந்தத் துணி போர்வைக்கு ஆகாது. அல்லது அலசும் தண்ணீர் தெளியும் வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும்.

உப்பிலும் வினிகரிலும் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று சொல்வார்கள். சாயம் ஏற்றும்போது உப்பு துணை செய்யும், ஏறி முடிந்த சாயத்தைப் பிடித்து வைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. வினிகர் பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் அமிலச் சாயங்களோடு சேர்ந்த சமாசாரம், பருத்திக்கு அல்ல. உப்பு சாயத்தைப் பிடிக்குமென்றால் நம் ஊர்த் தண்ணியில் துவைத்த கைலி ஒன்றுகூட வெளுத்திருக்கக் கூடாது.

வரிசைகளின் நீளம் ஒத்துவரவில்லை

இரண்டு வரிசையைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஒன்று 60 இன்ச், மற்றது 59-க்கும் கீழே. உடனே நீளமானதை வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள், வெட்டினால் கடைசிச் சதுரம் மட்டும் சிறுத்து, அங்கிருந்து எல்லாக் கோடும் விலகும்.

தையல் அளவில் ஒரு இன்ச்சை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு ஒரு நூல் என்று பெயர், கால் இன்ச் என்றால் இரண்டு நூல். உங்கள் தையல் இரண்டு நூலில் ஓடாமல் இரண்டரை நூலில் ஓடியிருந்தால் ஒவ்வொரு துண்டிலும் அரை நூல் கூடுதலாகப் போகும், இரண்டு துண்டுக்குமாக ஒரு தையலுக்கு ஒரு நூல். பத்துச் சதுரத்துக்கு நடுவில் ஒன்பது தையல், ஆக ஒன்பது நூல், ஒரு இன்ச்சுக்கு மேலேயே. கண்ணுக்குத் தெரியாத அரை நூல் வரிசை முடிவில் விரற்கடை அளவாக வந்து நிற்கிறது.

ஆகவே கை வைக்க வேண்டியது தையல் அகலத்தில். இரண்டரை இன்ச் அகலத்தில் மூன்று துண்டு வெட்டிச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுத்துண்டை அளந்து பாருங்கள். சரியாக இரண்டு இன்ச் இருந்தால் உங்கள் கால் இன்ச் நிஜக் கால் இன்ச். குறைந்தால் தையல் அகலம், கூடினால் தையல் ஒடுக்கம். சரியான இடம் கிடைத்ததும் ஊசியிலிருந்து கால் இன்ச் தள்ளி மெஷின் தகட்டில் நாலைந்து அடுக்கு பிளாஸ்டரை ஒட்டிவிடுங்கள், துணியின் ஓரம் அதில் உரசிக்கொண்டே போகட்டும். மெஷின் காலின், அதாவது துணியை மேலிருந்து அழுத்தும் தகட்டின், விளிம்பைப் பார்த்துத் தைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், எல்லா மெஷினிலும் அந்த விளிம்பு கால் இன்ச்சில் இருப்பதில்லை.

தையல் சரி, அளவுதான் தப்பு என்றால் வெட்டியதைப் பாருங்கள். ஒரு சதுரத்தை வைத்து அடுத்ததை வரைந்து, அதை வைத்து அதற்கடுத்ததை வரைந்தால் ஒவ்வொரு முறையும் சாக்குக்கட்டிக் கோட்டின் தடிமன் கூடிக்கொண்டே போகும். கெட்டி அட்டையில் ஒரே அச்சு வெட்டி, 150-க்கும் அதையே வையுங்கள். அட்டையின் மூலை மழுங்கினால் புது அட்டை.

பழைய சேலை கத்தரிக்கு நழுவினால் லேசாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து வெட்டலாம். போர்வை முடிந்ததும் அந்தக் கஞ்சி முழுதும் போகத் துவைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் விருந்து.

நாலு சதுரம் கூடும் இடத்தில் மூலை விலகி நிற்கிறது

அளவெல்லாம் சரி, கூடல் மட்டும் ஒரு நூல், இரண்டு நூல் தள்ளிப்போகிறது என்றால் காரணம் இஸ்திரி. முதல் வரிசையின் தையல் மடிப்புகளை எல்லாம் வலப்பக்கம் சாய்த்து அழுத்துங்கள், இரண்டாம் வரிசையில் இடப்பக்கம், மூன்றாவதில் மறுபடி வலம். வரிசைகளைச் சேர்க்கும்போது ஒரு மடிப்பு மற்றதன் தோளில் முட்டி நிற்பது விரலுக்கே தெரியும், அந்த இடத்தில் ஊசி குத்திவிட்டால் நகராது. பெட்டியை முன்னும் பின்னும் இழுத்துத் தேய்த்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். தூக்கி வைத்து அழுத்தி எடுங்கள், அதுவே போதும்.

அடியில் நூல் கூடு கட்டுகிறது, தையல் விடுபடுகிறது, நூல் அறுகிறது

கடலோரத்து மெஷின்களுக்கு இது தனி அத்தியாயம். இவற்றை ஒரே கோளாறாக நினைத்து, நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் திருகைத் திருகிக்கொண்டே இருந்தால் விடிந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

துணிக்கு அடியில் நூல் கூடு கட்டினால் அடிநூலைக் குற்றம் சொல்வார்கள், பாபினைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்கள். தப்பு மேல்நூலில். காலைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால் டென்ஷன் தட்டுகள் இறுகியிருக்கும், நூல் அவற்றுக்கு நடுவே போகாமல் மேலாகவே தங்கிவிடும். காலைத் தூக்கி வைத்து, முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். அப்படியும் கூடு கட்டினால் தட்டுகளுக்கு நடுவே பஞ்சுத்தூசியும் துருவும் அடைத்திருக்கும். காலைத் தூக்கிய நிலையிலேயே மெல்லிய துணிக்கீற்றை உள்ளே விட்டு, பல் தேய்க்கிற நூல் மாதிரி இப்படியும் அப்படியும் இழுங்கள். பழுப்பாக வந்தால் அதுதான் வியாதி.

தையல் ஒன்று விட்டு ஒன்று விழுந்தால் ஊசியை மாற்றுங்கள். வளைந்திருக்கலாம், சரியாக மேலே ஏறாமல் இருக்கலாம், திரும்பி மாட்டியிருக்கலாம். ஊசியின் ஒரு பக்கத்தில் நீளக் குழி ஓடும். நூல் எந்தப் பக்கத்திலிருந்து காதில் நுழைகிறதோ அந்தப் பக்கம் பார்த்துக் குழி இருக்க வேண்டும். இரண்டு பருத்தித் துண்டைச் சேர்க்க 14-ஆம் நம்பர் ஊசி. மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது 16-க்கு மாறாவிட்டால் ஊசி வளைந்து கொடுத்து, தையல் விடும்.

நூல் இழை இழையாகப் பிரிந்து அறுந்தால் ஊசியை நகத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். சொரசொரவென்றால் துரு. ராத்திரி முழுக்க மெஷினிலேயே விட்ட ஊசி வாடைக்காற்றுக் காலத்தில் சீக்கிரம் புள்ளி கண்டுவிடும். வேலை முடிந்ததும் ஊசியைக் கழற்றி எண்ணெய்த் துணியில் குத்தி வையுங்கள். பாபின் கேஸிலும் இதே கதைதான். பாபின் போட்ட கேஸை நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு கையை லேசாகச் சுண்டினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். இறங்கவே இல்லை என்றால் இறுக்கம் அல்லது துரு, கடகடவென்று இறங்கினால் தளர்ச்சி.

எண்ணெய் விஷயத்தில் ஒரே பிடிவாதம் வேண்டும், மெஷின் ஆயில்தான். தேங்காய் எண்ணெய் விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விட்ட அன்று நன்றாகத்தான் ஓடும், நாள்பட்டால் பிசினாகித் தூசியையும் கூட்டிக்கொண்டு இறுகிவிடும். எண்ணெய் விட்டபின் வேண்டாத துணியில் நாலு வரி ஓட்டிவிட்டு, பிறகு போர்வையைக் கொண்டுவாருங்கள். இரவில் காலுக்கும், அதன் அடியில் துணியைத் தள்ளும் பல்லுக்கும் நடுவே ஒரு துண்டுத் துணியை மடித்து வைத்தால் கசிகிற எண்ணெயை அது குடித்துக்கொள்ளும். மெஷினைக் கடல் பார்த்த ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள். காற்று சுகம்தான், மெஷினுக்கு அல்ல.

ஓரம் அலையடிக்கிறது

கீழக்கரை லாத்தா (அக்கா) ஒருவர் கொண்டுவந்த போர்வையைத் தரையில் விரித்தேன். நடுவில் தட்டையாகத்தான் படுத்தது. நாலு ஓரமும் பாவாடைக் கொசுவம் மாதிரி எழும்பி நின்றன.

"பார்டருக்கு அளந்தா வெட்டுனீங்க லாத்தா?"

"அளக்க என்னம்மா இருக்கு? நீளத் துணியை வச்சுத் தச்சுக்கிட்டே போயி மிச்சத்தைக் கத்தரிச்சுட்டேன்."

அங்கேதான் இருக்கிறது. மெஷினின் பல் அடியிலுள்ள துணியை முன்னே தள்ளும், கால் மேலுள்ள துணியை அழுத்திப் பின்னே பிடிக்கும். அளக்காமல் ஓட்டிக்கொண்டே போனால் இரண்டில் ஒன்று அதிகமாக உள்ளே போய்விடும். போர்வையின் ஓரத்தை அளந்து பார்டர் வெட்டுவதும் சரியல்ல, கையாண்டு கையாண்டு ஓரம் ஏற்கெனவே நீண்டிருக்கும். நடுவில் ஒரு அளவு, நடுவுக்கு இரு புறமும் ஒவ்வொரு அளவு, மூன்றுக்கும் சராசரி எடுங்கள். அந்த நீளத்துக்கு இரண்டு பார்டரை வெட்டி, இரு முனையும் நடுப்புள்ளியும் ஊசி குத்தி, இடைப்பட்டதைச் சமமாகப் பரத்தித் தையுங்கள். ஓரம் கொஞ்சம் மிஞ்சினால் அதை அடிப்பக்கம் வையுங்கள், பல் இழுத்துச் சரிக்கட்டும்.

ஏற்கெனவே அலையடிப்பதற்கு வைத்தியம் பார்டரைப் பிரிப்பது மட்டும்தான். விரல் நுனி அளவுக்கு லேசான அலை என்றால் நீராவி கொடுத்து அழுத்தி, அங்கே தையலை நெருக்கிப் போட்டு அமுக்கலாம். லாத்தா பிரிக்க ஒத்துக்கொள்ளவே அரை மணி நேரம் ஆனது.

பார்டரே இல்லாத போர்வை அலையடித்தால் துணி மூலைவாட்டில் வெட்டுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பாவும் ஊடும் ஓடும் திசையில் துணி நீளாது, மூலைவாட்டில் ரப்பராக நீளும். முக்கோணத் துண்டுகள் வைப்பவர்கள் நீளும் பக்கம் வெளி ஓரத்துக்கு வராதபடி வெட்ட வேண்டும்.

அடித்துணியில் மடிப்பு விழுகிறது

மேலே அழகாக இருக்கிறது, திருப்பினால் அடியில் மடிப்பும் சுருக்கமும். தைக்கும்போது துணி நழுவியதால் அல்ல, விரிக்கும்போது இழுத்து விரிக்காததால் வந்தது. அடித்துணியைத் தலைகீழாகத் தரையில் பரப்பி, நாலு ஓரமும் பிளாஸ்டர் போட்டு ஒட்டுங்கள். விறைப்பாக இருக்க வேண்டும், நீண்டுவிடக் கூடாது. அதன்மேல் நடு அடுக்கு, அதன்மேல் முகப்பு. அடித்துணியும் நடு அடுக்கும் நாலு பக்கமும் முகப்பைவிட 4 இன்ச் கூடுதலாக இருக்கட்டும், ஆகவே 68-க்கு 98. ஐந்தரை மீட்டர் சேலை ஒன்று சுமார் 216 இன்ச் நீளம். 98 இன்ச்சாக இரண்டு வெட்டி அகலவாக்கில் சேர்த்தால் ஒரே சேலையில் அடித்துணி முடிந்தது. ஜரிகைக் கரை இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள்.

அடுக்குகள் நகராமல் தற்காலிகமாகப் போடும் கச்சாத் தையலை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கதிர்போல ஓட்டுங்கள், ஒரு கச்சாவுக்கும் அடுத்ததற்கும் கையகலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். மெஷின் தையலும் நடுவிலிருந்தே வெளியே போகட்டும். கால் அழுத்தும் வேகத்தில் மேல்துணி முன்னால் தள்ளப்பட்டால் மெஷின் தலையிலுள்ள அழுத்தத் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். துண்டு சேர்க்க இன்ச்சுக்கு 10 முதல் 12 தையல், மூன்று அடுக்குக்கு 8 போதும்.

வலை நூலில் தைத்தால் ஆயுசுக்கும் அறாது என்று சொல்லித் தருபவர்கள் நம் பக்கம் நிறைய. நூல் அறாதுதான். அந்த நைலான் பருத்தியை அறுத்துவிடும்.

அங்கங்கே பழுப்புப் புள்ளி

சேஃப்டி பின் துரு. மற்ற ஊர்களில் அடுக்குகளைப் பின் குத்தி வைப்பது சௌகரியம். ஐப்பசி, கார்த்திகையில் ராமேசுவரம் பக்கம் அதைச் செய்தால் சில நாளிலேயே ஒவ்வொரு பின்னும் கையெழுத்துப் போட்டுவிடும். மேலே கச்சாத் தையல் என்று சொன்னதற்கு இதுவும் காரணம்.

வெள்ளைப் பருத்தியில் விழுந்த துருவுக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, பிறகு நன்றாக அலசுங்கள். வண்ணத் துணி வெளுக்கலாம், ஓரத்தில் சோதித்த பிறகு தொடுங்கள். பிளீச்சிங் பவுடர் பக்கம் போகவே கூடாது, துருவை அது இன்னும் அழுத்தமாக உட்காரவைத்துவிடும்.

பஞ்சு உருண்டு ஓரிடத்தில் சேர்கிறது, வெளியே எட்டிப் பார்க்கிறது

இலவம் பஞ்சு வைத்திருப்பீர்கள். தலையணைக்கு அது ராஜா, போர்வைக்கு ஆகாது. அதன் இழை வழுவழுப்பானது, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. கடையில் சுருளாக விற்கும் பாலியெஸ்டர் பஞ்சு உருளாது, ஆனால் சல்லடை போன்ற மெல்லிய துணியில் வெள்ளை மயிராக வெளியே வரும். நெருக்கமாக நெய்த துணிக்குத்தான் அது சரி.

என் கட்சி வேறு. மார்கழிப் பனியைத் தவிர இந்தக் கரையில் கனத்த போர்வைக்கு வேலையே இல்லை. வங்காளத்துக் காந்தாவில் பஞ்சு கிடையாது, பழைய சேலைகளை அடுக்கி ஓடுதையல் போட்டே போர்வையாக்குகிறார்கள். நாமும் நடுவில் பழைய பருத்திப் போர்வை ஒன்றையோ சேலை ஒன்றையோ வைத்தால் உருளாது, எட்டிப் பார்க்காது, சீக்கிரம் காயும். பழைய மெஷினும் திணறாது.

தையலோரம் துணி விட்டுக்கொடுக்கிறது

நைந்த சேலைத் துண்டு. கையில் போட்ட தையலோ மெஷின் தையலோ அதைக் காப்பாற்றாது. வெட்டுமுன் இரண்டு கட்டைவிரலாலும் பிடித்துச் சுண்டி இழுத்து, இழை விலகுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். இப்போது அந்தச் சதுரத்தைப் பிரிக்காமல், ஓரம் மடித்த புதுச் சதுரம் ஒன்றை அதன்மேலேயே வைத்துத் தைத்துவிடுங்கள். அம்மாவின் சேலை, விட மனமில்லை என்றால் வெட்டுவதற்கு முன்பே பின்னால் மெல்லிய மல் துணி கொடுத்து இரண்டையும் ஒரே துணியாக நடத்த வேண்டும்.

பட்டி மூலையில் முண்டு விழுகிறது, அல்லது பட்டி போதவில்லை

பட்டி என்பது போர்வையின் ஓரத்தைச் சுற்றி மூடித் தைக்கும் துணி. சுற்றளவு 300 இன்ச், மூலைக்கும் சேர்ப்புக்கும் 10 கூட்டி 310. இரண்டரை இன்ச் அகலப் பட்டி, 44 இன்ச் துணியில் குறுக்கே எட்டு வெட்டினால் மிச்சமே வரும். மூலைக்குக் கால் இன்ச் இருக்கும்போதே தையலை நிறுத்தி, பட்டியை மேலே மடித்து மறுபடி கீழே மடித்துத் தொடங்குங்கள். பட்டிகளைச் சேர்க்கும் இணைப்பு மூலையில் வந்தால் முண்டு நிச்சயம். தைக்கும் முன்பே சுற்றி வைத்துப் பார்த்து நகர்த்திக்கொள்ளலாம்.

முடிந்த போர்வையில் சாயம் ஓடிவிட்டது

காயவிடாதீர்கள், காய்ந்தால் கறை நிலைத்துவிடும். பெரிய தொட்டியில் சூடான தண்ணீர், நிறையச் சோப்புத்தூள், போர்வை முழுதும் மூழ்கி மிதக்க வேண்டும். தண்ணீர் நிறம் மாறினால் கொட்டிவிட்டு மறுபடி. தண்ணீர் தெளிந்து நிற்கும் வரை விடக் கூடாது.

துவைத்து வைத்த போர்வை வாடை அடிக்கிறது

மேலே காய்ந்து உள்ளே ஈரம். கொடியில் மடித்துப் போட்டால் மடிப்புக்குள் காற்று போகாது. இரண்டு கொடிக்குக் குறுக்கே விரித்துப் போட்டு, நடுவில் ஒரு தடவை திருப்புங்கள். அலை தெறிக்கும் காற்று அடிக்கிற பக்கம் வேண்டாம், துவைத்தெடுத்த உப்பு திரும்ப ஏறிவிடும். பூஞ்சைப் புள்ளி கண்டால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்த் தட்டி, பிரஷ் போட்டுவிட்டு, பிறகு துவையுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் வைக்காமல் பழைய தலையணை உறைக்குள் வையுங்கள். மடிப்பதற்கு முன் நாலு தையல் கூடும் தடித்த இடம் ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்றிருந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும்.